ஒன்பதாம் கேள்விக்குப் பதில்

ஷேர் ஆபீஸ் மூடப்பட்டது என்று அதன் ஷட்டரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துவிட்டு, அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்ட எக்ஸ்ரே அக்காவைப் போன வாரம் பார்த்தோம். உட்கார்ந்தே இருக்க முடியுமா? எழுந்தாள், வீட்டுக்கு வந்தாள். இந்த ஒன்பது நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, சரியாகத் தூங்கவில்லை. யாரையும் வாய்விட்டுத் திட்டவும் இல்லை. அவள் புருஷன் டிரைவருக்கு அதுதான் பயமாக இருந்தது.

எக்ஸ்ரே அக்கா என்கிற பெயர் ஆஸ்பத்திரியில் வந்தது. முப்பத்தோரு வருஷம் அந்த இருட்டு அறையில் நின்று, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஊரில் பாதிப் பேரின் நெஞ்சைப் படம் பிடித்தவள். ஓய்வு பெற்றபோது மொத்தமாக ஒரு தொகை வந்தது. பென்ஷன் கிடையாது. அந்தத் தொகையில் பெரிய பெரிய கம்பெனிகளின் பங்குகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். நிதானமான பங்குகள். அதில் அவள் தப்பே செய்யவில்லை. இன்றைக்கும் அவற்றின் விலை ஏறித்தான் இருக்கிறது. ஏறி என்ன பிரயோஜனம்? பங்குகள் அவள் கணக்கில் இல்லை. ஷேர் ஆபீஸ்காரர்கள் அடகு வைத்து ஏப்பம் விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. ஏமாந்த முதலீட்டாளர்களுக்கு நஷ்ட ஈடு தருகிற பாதுகாப்பு நிதிக்கு மனுக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி வரை.

சாப்பாட்டு மேஜையில் மனுவை விரித்து வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எட்டுக் கேள்விகளுக்கு ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எழுதுகிற மாதிரி அச்சு அச்சான கையெழுத்தில் பதில் எழுதியாகிவிட்டது. ஒன்பதாவது காலியாக இருந்தது.

'உங்கள் கைபேசிக்கு வந்த ரகசிய எண்ணை யாரிடமாவது சொன்னீர்களா? ஆம் எனில், அவருடைய பெயர், பணி, உங்களுக்கு என்ன உறவு?'

"நேத்து ராத்திரியும் அதையேதான் முறைச்சுக்கிட்டிருந்த," என்றார் டிரைவர், டீயை அவள் பக்கம் தள்ளியபடி. "முறைச்சா பதில் தானா எழுதிக்குமா?"

"கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் சும்மாதான் இருக்கேன். ரெண்டு வருஷமா சும்மாதானே இருந்தேன். பேங்குல போடு, வட்டி கம்மின்னாலும் ராத்திரி தூக்கம் வரும்னு சொன்னேன். நீ கேட்டியா? வீட்டு மாப்பிள்ளை, ஷேர் ஆபீஸ்ல பெரிய வேலை, நம்ம பணத்தைக் கண்ணும் கருத்துமா பார்த்துப்பாருன்னே. பார்த்துக்கிட்டாரு!"

"உங்க சகலைதானே? நீங்களும்தான் அவரோட உட்கார்ந்து மணிக்கணக்கா அரட்டை அடிச்சீங்க."

"சகலையாம் சகலை. கம்பி நீட்டினவன் எனக்குச் சகலை இல்லை. உன் தங்கச்சி புருஷன்."

நல்ல நாளில் சகலை, கெட்ட நாளில் உன் தங்கச்சி புருஷன். டிரைவரின் உறவு முறை அப்படி. அக்காவுக்கு அவர் என்றைக்கும் மாப்பிள்ளைதான். பதினான்கு வயது இளையவளான தங்கையை, அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். தங்கையின் புருஷன் மாப்பிள்ளை இல்லாமல் வேறு யார்?

அந்த மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவார். "அக்கா, நம்பர் வந்துச்சா?" கைபேசியில் ஒரு செய்தி வந்திருக்கும். மேலே என்னமோ பொடி எழுத்தில் நீளமாக இருக்கும், கீழே ஆறு இலக்கம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படிப்பாள். "இது பூட்டு நம்பர் அக்கா. நீங்க சொன்னாதான் கணக்கைப் பூட்ட முடியும்," என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அவள் நம்பினாள். நம்பினாள் என்றால் சும்மா இல்லை. என்றைக்காவது ஏழே கால் ஆகியும் கூப்பிடாவிட்டால் இவளே கூப்பிட்டு, "மாப்பிள்ளை, இன்னைக்கு இன்னும் பூட்டலையே," என்று ஞாபகப்படுத்துவாள். சிவப்பு விளக்கு அணையாமல் எக்ஸ்ரே அறைக் கதவைத் திறக்க டாக்டரைக்கூட விடாத மனுஷி, தன் வீட்டுக் கதவைத் தினமும் தானே திறந்து கொடுத்திருக்கிறாள். அந்தப் பொடி எழுத்தை ஷட்டர் விழுந்த அன்றுதான் முதல் முறையாகப் படித்தாள். 'உங்கள் பங்குகளை அடகு வைக்கச் சம்மதம் தெரிவிக்க இந்த எண்ணைப் பயன்படுத்தவும்.'

"அவன் பேரை எழுதிட்டு வேலையைப் பாரு," என்றார் டிரைவர்.

"எழுதினா அவருக்கு ஜெயில். எழுதலைன்னா நம்ம பணம் வராது."

"போகட்டும்."

"அவ என்ன ஆவா?"

டிரைவர் எழுந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். தங்கை மேல் அவருக்கும் பாசம் உண்டு. அதுதான் தொல்லை.

*

போகிற வழியில் தையல் கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். "பத்து நிமிஷம்," என்றாள். டிரைவர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. முகத்தைக் காட்ட விருப்பமில்லை என்றால் அது ஒரு வசதி.

கடை சின்னது. ஒரு பக்கம் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொங்கின. மேஜையில் சுண்ணக்கட்டி, கத்தரிக்கோல், பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான். மூலையில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின். அக்கா வாங்கிக் கொடுத்தது. சும்மா வாங்க மாட்டேன் என்று தங்கை ரோஷப்பட்டதால், மாதம் இரண்டாயிரமாகத் திருப்பிக் கொடு என்று முடிவாயிற்று. இதுவரை இருபத்திரண்டு மாதம், ஒரு மாதம் தவறாமல் வங்கியில் போட்டுவிட்டாள். அந்த விஷயத்தில் அக்காவுக்குத் தங்கை மேல் ரொம்பப் பெருமை.

அக்காவைக் கண்டதும் தங்கையின் முகம் சுருங்கியது. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டாள்.

"இன்னைக்குத்தான் கடைசி நாளா, அக்கா?"

"ம். அவர்கிட்ட இருந்து ஏதாவது தகவல்?"

"ஒண்ணும் இல்ல. ஒன்பது நாளாச்சு. உயிரோட இருக்காரா இல்லையான்னுகூடத் தெரியல." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எல்லாம் அந்த முதலாளி பண்ணினது அக்கா. இவர் சொன்னதைச் செஞ்சார். வேலைக்காரன் என்ன பண்ணுவான்?"

"பூட்டு நம்பர்னு என்கிட்ட பொய் சொன்னது முதலாளியா?"

தங்கை நாடாவை விட்டுவிட்டாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

"அக்கா, நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. அந்த ஒன்பதாவது கேள்வில அவர் பேரை எழுதாத. யார்கிட்டயும் சொல்லலைன்னு எழுதிடு. அவர் திரும்பி வந்தா உழைச்சு அடைச்சிடுவார். நானும் அடைக்கிறேன். ராத்திரி பகலா தைச்சு அடைக்கிறேன். உன் கால்ல விழறேன்."

நிஜமாகவே குனிந்துவிட்டாள். அக்கா பதறிப்போய்த் தூக்கினாள்.

"அழாதடி. வாடிக்கைக்காரங்க வந்தா என்ன நினைப்பாங்க?"

"எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

அந்த ஒரு வார்த்தை போதும், அக்கா கரைந்துவிடுவாள் என்று தங்கைக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். அக்கா மூக்கை உறிஞ்சினாள். பையிலிருந்து மனுவை எடுத்தாள். பொத்தான் டப்பாவை ஒதுக்கிவிட்டு, வெட்டு மேஜையிலேயே வைத்து எழுதினாள்: 'யாரிடமும் சொல்லவில்லை.'

எழுதிய பிறகு நெஞ்சு லேசாகும் என்று நினைத்தாள். ஆகவில்லை. முப்பத்தோரு வருஷத்தைக் கையால் துடைத்துக் கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. சரி, போகட்டும், காசுதானே, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவளின் தாலிக்கு மேலா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். வண்டியை இரண்டு தரம் உதைத்துக் கிளப்பினார், ஒரு தரமே போதும் என்றாலும்.

*

பாதுகாப்பு நிதி அலுவலகம் மூன்றாவது மாடியில். லிப்ட் வேலை செய்யவில்லை. டிரைவரின் முழங்காலுக்கு மூன்று மாடி ஆகாது, அதனால் கீழேயே நின்றுகொண்டார்.

மேலே வரிசை மாடிப்படி வரைக்கும் நீண்டிருந்தது. மகளின் கல்யாணப் பணம், வீடு விற்ற பணம், விபத்துக்குக் கிடைத்த நஷ்ட ஈடு என்று ஆளுக்கொரு கதை. அவளுக்கு முன்னால் நின்ற பள்ளி வாத்தியார் யாருமே கேட்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். "முதலீட்டாளர் பாதுகாப்புன்னு ஷேர் ஆபீஸ் வாசல்ல இவ்வளவு பெரிசா போர்டு வச்சிருந்தான் அம்மா. போர்டைப் பார்த்துத்தான் உள்ள போனேன். உள்ளே என்ன பாதுகாப்புன்னு ஒரு பய கேட்கல. நானும் கேட்கல."

மூன்று மணி நேரம். நின்று பழகிய கால்தான், இருந்தாலும் கடுத்தது. அவள் முறை வந்தபோது மணி நாலு தாண்டியிருந்தது.

அதிகாரி ஒரு பெண். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தாள். பொறுமை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மனுவை வரி வரியாக விரலை வைத்துப் படித்தாள். ஒன்பதாம் கேள்வியில் விரல் நின்றது.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"அம்மா, இதை எழுதறதுக்கு முன்னால விதி என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? பங்கு விலை விழுந்து நஷ்டம்னா நாங்க ஒண்ணும் தர மாட்டோம். உங்க பங்கைக் கம்பெனி எடுத்துக்கிட்டா ஒரு வரம்பு வரைக்கும் தருவோம். கம்பெனி ஆள் உங்களை ஏமாத்தி நம்பர் வாங்கியிருந்தா அதுவும் கம்பெனி தப்புதான், தருவோம். ஆனா யாரும் ஏமாத்தாம நீங்களே தெரிஞ்சு, வட்டிக்காகப் பங்கைக் கொடுத்திருந்தா அது நீங்க கொடுத்த கடன். அதுக்கு இங்கே பாதுகாப்பு கிடையாது."

"நான் வட்டியெல்லாம் வாங்கினதில்லையே."

அதிகாரி தும்மினாள். கோப்பிலிருந்து ஒரு கடிதத்தை உருவி எடுத்தாள்.

"உங்க மனுவுக்கு எதிரா ஒரு கடிதம் வந்திருக்கு. வந்தா உங்ககிட்ட காட்டணும்ங்கறது விதி. அதனாலதான் காட்டறேன்."

உருண்டை உருண்டையான எழுத்து. ரவிக்கை அளவு எழுதுகிற அதே எழுத்து. அந்த எழுத்தைக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

'என் அக்கா எல்லாம் தெரிந்தேதான் தன் பங்குகளை அடகு வைக்க என் கணவருக்குச் சம்மதம் கொடுத்தார். அதற்கு வட்டியாக மாதம் இரண்டாயிரம் வீதம் இருபத்திரண்டு மாதங்கள் என்னிடமிருந்து பெற்றுக்கொண்டார். வங்கிக் கணக்கின் நகல் இணைத்துள்ளேன்.'

கீழே கையெழுத்து. இந்தத் திங்கட்கிழமைத் தேதி. இணைத்த நகலில் இருபத்திரண்டு வரிகளுக்கும் மஞ்சள் மையால் பட்டை தீட்டியிருந்தது.

அக்கா இரண்டாம் தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை. மெஷின் காசு! ரோஷத்தோடு மாதா மாதம் திருப்பிக் கொடுக்கிறாளே என்று அண்டை வீட்டிலெல்லாம் சொல்லிப் பூரித்த காசு. அது வட்டியாம். அப்படியானால் இன்று காலை விழுந்த அழுகை? அதுவும் இந்தக் கடிதத்துக்கு ஏற்ற மூடிதான். அக்காவே தெரிந்து செய்தாள் என்று திங்கட்கிழமை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. யாரும் என்னிடம் நம்பர் கேட்கவில்லை என்று அக்கா கையாலேயே வெள்ளிக்கிழமை எழுதி வாங்கிவிட்டால் மாப்பிள்ளை சுத்தமான ஆள், அக்கா வட்டிக்காரி. பணத்தோடு பேரும் போயிற்று.

காசு போனபோது வராத கோபம் இப்போது வந்தது. கோபம்கூட இல்லை, அருவருப்பு. காலையில் தன் காலில் விழக் குனிந்த அந்த முதுகை நினைத்தபோது உடம்பு கூசியது.

"தண்ணி குடிக்கிறீங்களா அம்மா?"

"வேண்டாம். அந்த மனுவைக் கொடுங்க."

"அடிச்சு எழுதினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

"போடறேன்."

'யாரிடமும் சொல்லவில்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே எழுதினாள். பெயர். பணி: அதே நிறுவனத்தின் ஊழியர். உறவு என்கிற இடத்தில் பேனா ஒரு நிமிஷம் நின்றது. 'தங்கையின் கணவர்' என்று எழுதினாள். 'தினமும் மாலை ஏழு மணிக்கு அவர் கேட்டார், கணக்கைப் பூட்ட என்று சொன்னார், நான் சொன்னேன். மாதம் இரண்டாயிரம் என்பது தையல் மெஷினுக்காக நான் கொடுத்த கடன் திரும்பி வந்தது.' அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரமெல்லாம் எழுதினாள்.

அதிகாரி முத்திரையைக் குத்தினாள். "ரெண்டு பேரும் நேர்மாறா எழுதியிருக்கீங்க. விசாரணைக்குக் கூப்பிடுவோம். எதிரெதிரா உட்கார வேண்டியிருக்கும். மனசைத் தயார் பண்ணிக்கங்க."

"மனசா?" என்றாள் அக்கா. "அது அவகிட்டதான் இருந்தது. இப்ப எங்க இருக்கோ தெரியல."

*

கீழே இறங்கி வருவதற்குள் கைபேசி அடித்தது. தங்கை. அக்கா கடைசிப் படியில் நின்று எடுத்தாள். டிரைவர் நாலு அடி தள்ளி, வண்டி ஸீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொடுத்துட்டியா?" பின்னால் ஓவர்லாக் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"கொடுத்துட்டேன்."

"நல்லவேளை. நான் சொன்ன மாதிரிதானே எழுதினே?"

"நடந்ததை எழுதினேன்."

மெஷின் சத்தம் நின்றது.

"என்ன அக்கா சொல்ற?"

"மெஷின் காசை வட்டின்னு எழுதிக் கொடுத்திருக்கியே, எழுதும்போது கை கூசலையா உனக்கு?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா காத்திருந்தாள். இல்லை அக்கா, அது நான் இல்லை என்று ஒரு பொய்யாவது சொல்ல மாட்டாளா என்று பாழாய்ப்போன மனசு அப்போதும் ஏங்கியது.

"உனக்கு என்ன அக்கா?" என்றாள் தங்கை. குரலில் அழுகை துளிகூட இல்லை. "உனக்கு அத்தான் கூட நிக்கிறாரு. எப்படியோ பொழைச்சுப்பே. எனக்கு அவரை விட்டா யாரு?"

"காலையில என்னை விட்டா யாரும் இல்லைன்னியே."

"அவர் சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். எனக்கு என்ன இங்கிலீஷ் தெரியுமா, சட்டம் தெரியுமா? இப்படி எழுதினா ரெண்டு குடும்பமும் தப்பிக்கும்னு அவர்தான்..."

சட்டென்று நிறுத்தினாள்.

அக்கா கைபேசியை அடுத்த காதுக்கு மாற்றினாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"எப்படி சொன்னாரு? கடிதம் திங்கக்கிழமை எழுதினது. ஆளைக் காணாம ஒன்பது நாளாச்சுன்னு இன்னைக்குக் காலையிலதானே அழுதே?"

கடையில் யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம். அதற்குப் பின்னால், வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு ஆண் குரல்.

"போனை வை. மேல பேசாத."

இரண்டு வருஷம் தினமும் கேட்ட குரல். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இணைப்பு அறுந்தது.

அக்கா கைபேசியைப் பையில் போட்டாள். டிரைவர் துணியை மடித்து ஸீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். அவர் பேரைத்தான்."

'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நானும்தான் ரெண்டு வருஷமா பக்கத்துலயே உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "தினமும் என்ன நம்பரைப் படிக்கிறேன்னு ஒரு நாளாவது கேட்டேனா? பேங்கு பேங்குன்னு கத்தத் தெரிஞ்சுது. இது தெரியல. சரி விடு. ஏறு, வீட்டுக்குப் போகலாம்."

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வேண்டாம். தையல் கடைக்கு விடுங்க."

"மறுபடியுமா? அங்க இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"உங்க சகலை வந்திருக்காரு," என்றாள் அக்கா. "மாப்பிள்ளை வந்திருக்கும்போது போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"